மேல் வரிசை, முதல் கட்டம்

என் வீட்டுக்காரர் கழிப்பறைப் படத்தை அசிங்கமாக வரைந்திருக்கிறார்கள் என்பதற்காகப் படுக்கையிலேயே போனார். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், துணி அலசியவள் நான்.

பக்கவாதம் வந்து ஐந்தாவது வாரம் அது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. எழுத்தும் போய்விட்டது, செய்தித்தாளை நீட்டினால் ஏதோ சுவரில் எறும்பு ஊர்வதைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். ஆனால் நாம் பேசுவது புரியும், படம் புரியும். அதனால் வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வரும் பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் ஓர் அட்டை கொண்டு வந்தாள். இருபத்து நான்கு கட்டம், கட்டத்துக்கு ஒரு படம். தண்ணீர், சாப்பாடு, வலி, கழிப்பறை, ஜன்னல், விளக்கு என்று இருந்தது. வேண்டியதை இடது கை விரலால் தொட்டால் போதும்.

“சார், உங்களுக்கு என்ன வேணுமோ அதத் தொடுங்க பாப்போம்,” என்றாள்.

அவர் அட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முகத்தில் உயிருள்ள பாதி சுளித்தது. இடது கையால் ஒரே தள்ளு, அட்டை கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

“புரியலபோல இருக்கு, பாவம்,” என்றாள் அந்தப் பெண்.

“அதெல்லாம் நல்லாவே புரியுது. படம் பிடிக்கல,” என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தச் சுளிப்போடு முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவள் நான்.

மூன்று நாள் அட்டையைத் தொடவே இல்லை. நான்காம் நாள் படுக்கையில் போனார். அப்போதுகூட அட்டையை நீட்டினேன். தொடவில்லை. நாற்றத்தில் கிடந்துகொண்டு அந்தக் கழிப்பறைப் படத்தை முறைத்தார். என்ன ஜென்மமோ!

அவர் சோப்பு உறை, பிஸ்கட் பாக்கெட், மருந்துப் பெட்டி எல்லாம் வடிவமைக்கும் ஆபீஸில் தலைமை டிசைனராக இருந்தவர். ஆபீஸில் அவருக்குப் பெயர் செவப்புப் பென்சில். யார் வரைந்ததானாலும் அதன்மேல் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருத்துவார், அசல் என்றும் பார்க்க மாட்டார், நகல் என்றும் பார்க்க மாட்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு பரீட்சை வைப்பார். ஒரு வெள்ளைத் தாள், கறுப்புக் காகிதத்தில் வெட்டிய நாலைந்து சதுரங்கள். ‘பயம்னு சொல்லு’ என்பார். ‘திமிர்னு சொல்லு’ என்பார். மூஞ்சி வரையக் கூடாது, எழுத்துப் போடக் கூடாது. சதுரங்களைப் பெரிதாகவும் சின்னதாகவும் வெட்டி, நேராகவோ சாய்வாகவோ, ஓரத்திலோ நடுவிலோ ஒட்டி அந்த உணர்ச்சியைச் சொல்ல வேண்டும்.

“படம்னா பேச்சுய்யா,” என்று கத்துவார். “கோடு எழுத்து, உருவம் வார்த்தை, அத எங்க வைக்கறியோ அதுதான் வாக்கியம். உனக்கு இருக்கறது கண்ணா, ரெண்டு பொத்தலா?”

நானும் அந்த ஆபீஸில்தான் இருந்தேன். மற்றவர்கள் வரைந்ததன்மேல் மெல்லிய தாள் போட்டுச் சுத்தமாகக் கோடு எடுத்துக் கொடுக்கும் வேலை. என் கோடு நடுங்காது. அதைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டார், அதை அவரே எல்லோரிடமும் சொல்லுவார். கல்யாணம் ஆனதும் வேலையை விடச் சொன்னார். விட்டேன். அதற்குப் பிறகு திருத்துவதற்கு அவருக்கு வீட்டிலும் ஒரு தாள் கிடைத்தது.

கொடியில் துணி காயப்போட்டால், கனமான நிறமெல்லாம் ஒரே பக்கம் தொங்குகிறது என்று எதிர்வீட்டார் பார்க்க எடுத்து மாற்றிப் போடுவார். அலமாரியில் டப்பாக்கள் வரிசை சரியில்லை என்பார். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றால் விருந்தாளிகளைப் பார்த்து, “சொல்லுங்க, கண்ணு எங்க போவுது? மூஞ்சிக்கா போவுது? நேரா வயித்துக்குப் போவுது,” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எங்கள் கல்யாணப் படத்தில் என் அப்பா ஓரத்தில் நின்றிருந்தார். அந்த ஓரம் பார்க்கிறவர் கண்ணை இழுக்கிறது என்று ஸ்கேல் வைத்து வெட்டிவிட்டார். வெட்டிய துண்டைக் குப்பையில் போட்டுவிட்டார். எட்டு மாதத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். வேறு நல்ல படம் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் படம் எங்கே என்று கேட்டபோது என் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்?

அதற்காக ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் என்னிடம் சொன்னதில்லை. ‘தப்புதான்’ என்றுகூட வேண்டாம், ‘அடடா’ என்றுகூடச் சொன்னதில்லை.

சரி, அட்டைக்கு வருகிறேன். “நீங்களே ஒண்ணு வரைஞ்சு பாருங்களேன்மா, சாருக்குப் பிடிக்கற மாதிரி,” என்று பயிற்சிக்காரப் பெண் சொன்னாள். முப்பத்தொரு வருஷம் கழித்து நான் பேனா பிடித்தேன். முதல் அட்டையைத் தள்ளிவிட்டார். இரண்டாவதையும் தள்ளினார். மூன்றாவதில் தண்ணீர் டம்ளரை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு அதையும் தள்ளினார். நான் அழவில்லை, கோபம்தான் வந்தது. அவர் கத்திக் கத்தி மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் என் காதிலும் விழுந்ததுதானே? அவசரமாக வேண்டியதைப் பெரிதாக, கனமாகப் போட்டேன். மற்றதை மெல்லிய கோட்டில் போட்டேன். வலிக்குக் கூரான வடிவம், தூக்கத்துக்குப் படுத்த கோடு. படத்தைச் சுற்றி மூச்சுவிட இடம். ஆறாவது அட்டையை அவர் மடியில் வைத்தேன். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விரலை எடுத்துக் கழிப்பறைமேல் வைத்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரவில்லை. என் படத்தை அவர் ஏற்றுக்கொண்டார் என்ற குஷியிலேயே அவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கழிப்பறையில் உட்காரவைத்தேன். எனக்கும் வெட்கமில்லை பாருங்கள்.

அந்த அட்டையில் மேல் வரிசை முதல் கட்டம், கண் முதலில் போய் விழுகிற இடம், அதை நான் எனக்காக வைத்துக்கொண்டேன். அங்கே ‘மன்னிச்சுடு’ என்று வரைய வேண்டும். எப்படி வரைவது? கை கூப்பினால் வணக்கம் என்று ஆகிவிடும். கண்ணீர் விட்டால் வலி. தலை குனிந்தால் தூக்கம். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அவர் பரீட்சையையே எடுத்தேன். கறுப்புச் சதுரம் இரண்டு. சின்னது மேலே நடுவில், நேராக, அசையாமல். பெரியது கீழே, ஒரு மூலையில் விழுந்து, அதன்முன் சாய்ந்தபடி. தன் பாரத்தையெல்லாம் அந்தச் சின்னதன் காலடியில் இறக்கி வைத்த மாதிரி. ஒட்டிவிட்டுப் பார்த்தேன். சரியாக வந்திருந்தது.

“இது என்னம்மா கட்டம்?” என்று பயிற்சிக்காரப் பெண் கேட்டாள்.

“அது எங்க ரெண்டு பேருக்குள்ள,” என்றேன். சின்னஞ்சிறுசு, வேறெதையோ நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனாள்.

அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அட்டையை வைத்ததும் அந்தக் கட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடிவிட்டார். அன்றிலிருந்து தினமும் அதே கதை. தண்ணீர் கேட்பார், ஜன்னல் கேட்பார், கால் வலிக்கிறது என்பார். முதல் கட்டத்துக்கு மட்டும் விரல் போகாது. பக்கத்தில் இருந்த விளக்கைத் தொடும்போதுகூட அதை ஒட்டாமல் சுற்றிக்கொண்டு போகும். புரியாத மனிதன் அப்படிச் செய்வானா? நான் காலை, மத்தியானம், சாயங்காலம் அட்டையை எடுத்து அவர் மடியில் வைப்பேன். மலம் அள்ளிவிட்டு வைப்பேன், முதுகு துடைத்துவிட்டு வைப்பேன். ‘இப்பவாவது?’ என்று நிற்பேன். ஐந்து மாதம் நின்றேன்.

பயிற்சிக்காரப் பெண் இரண்டு விஷயம் சொல்லி வைத்திருந்தாள். ஒன்று, தலையாட்டுவதை நம்பக் கூடாது. இந்த நோயில் ஆமாம் என்பதற்கு இல்லை என்று ஆட்டுவார்கள், இல்லை என்பதற்கு ஆமாம் என்று ஆட்டுவார்கள். அதனால் அட்டையில் கீழ் வரிசையில் ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டுக்கும் கட்டம் வைத்திருந்தேன். அதைத்தான் நம்ப வேண்டும். இன்னொன்று, இவர் அழுதால் பதறக் கூடாது. நரம்பு கெட்டதில் காரணமே இல்லாமல் அழுகை வரும், சிரிப்பும் வரும். அது உண்மைதான். வாயில் ஒரு வாய் சாப்பாடு வைத்தால்கூடப் பொலபொலவென்று கொட்டும்.

கடைசிக்கு முந்தின கட்டத்தில், என்னைக் கூப்பிடுவதற்காக என் முகம். கடைசிக் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். என்ன போடுவது என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் மாதத்திலிருந்து அவர் விரல் அந்தக் காலிக் கட்டத்துக்குப் போக ஆரம்பித்தது. தொடுவார், என்னைப் பார்ப்பார். மறுபடியும் தொடுவார். முதலில் பொழுது போகாமல் செய்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான், இல்லாததைக் கேட்பதற்கு அவருக்கு அது ஒன்றுதான் வழி என்று உறைத்தது.

“என்ன வேணும்? ரேடியோவா?” என்று ரேடியோ வரைந்து காட்டினேன். இல்லை. நாற்காலி வரைந்தேன். இல்லை. ஆபீஸ், பென்சில், தெருமுனைக் கடை எல்லாம் வரைந்தேன். எல்லாவற்றுக்கும் விரல் ‘இல்லை’யில் போய் நின்றது. ஒரு வாரம் கழித்து, இரட்டைப் பின்னலும் நெற்றியில் தழும்புமாக ஒரு முகம் வரைந்து வைத்தேன். அவர் அதைப் பிடுங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

எங்கள் மகள். ஒரே மகள். பதினொரு வருஷமாக அப்பாவின் முகத்தில் விழிக்காதவள்.

அவள் கை ஓயாமல் வரைந்த பெண். ஏழு வயதில் எங்கள் மூன்று பேரையும் வரைந்து அவரிடம் நீட்டினாள். அப்பா தாள் முழுக்க, நானும் அவளும் ஓரத்தில் துளியூண்டு. “கை நீளம் தப்பு, கழுத்த காணோம்,” என்று சிவப்புப் பென்சிலால் அதிலேயே திருத்திக் கொடுத்தார். அவள் அப்பாவை ஏன் அவ்வளவு பெரிதாகப் போட்டாள் என்று, அளவுதான் முக்கியத்தைச் சொல்லும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதருக்குத் தெரியவில்லை. பதினெட்டு வயதில் ஓவியக் கல்லூரிக்கு மனுப் போட்டாள். நேர்முகத்துக்கு நாற்பது படம் கொண்டுபோக வேண்டும். ஒன்றரை வருஷம் வரைந்தாள். அன்று காலை, அவள் குளிக்கப் போன நேரம், இவர் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்து நாற்பது படத்தையும் திருத்திவிட்டார். அசல்மேல், சிவப்புப் பென்சிலால். கடைசிப் படத்தின் கீழே, ‘இதற்குப் பேசாமல் இருந்திருக்கலாம்’ என்று எழுதி வைத்திருந்தார்.

அவள் தலை துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள், அவரையல்ல. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றேன். பாவி, நானே சொன்னேன்.

அவள் நேர்முகத்துக்குப் போகவில்லை. வேறு ஊரில் ஒரு மருந்துக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலைக்குப் போனாள். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். எனக்கு மட்டும் எப்போதாவது போன் செய்வாள், எடுத்தால் ‘சாப்பிட்டியா, தூங்கினியா’ என்பதோடு சரி.

மகள் முகத்தைக் கடைசிக் கட்டத்தில், என் முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அவர் நாளெல்லாம் அதையே தொட்டார். பிறகு கதவுப் படத்தைத் தொட்டார். கூப்பிடச் சொல்கிறார். எனக்கும் ஓர் ஆசை வந்தது, மறைப்பானேன்? மகள் வந்தால், அவளைப் பார்த்து மனசு இளகினால், அவள் கண்ணெதிரே அந்த முதல் கட்டத்தை எனக்காகத் தொடுவார் என்று நினைத்தேன். சாட்சிக்கு ஆள் வேண்டும் எனக்கு. போன் செய்து, “அப்பா உன்னப் பாக்கணுங்கறார்,” என்றேன். “அவரா சொன்னாரு?” என்றாள். “ஆமாடி, அட்டையில தொட்டுக் காட்டினார்,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தாள். காதோரம் நாலு முடி நரைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் அவள் முகம் ஆடிப்போயிற்று. மீசையோடு மிடுக்காக விட்டுவிட்டுப் போன மனிதர், வாய் கோணி, சட்டையில் எச்சில் துண்டு சொருகிக் கிடந்தால் யாருக்குத்தான் ஆடாது?

“இது யாரு வரைஞ்சது?” என்று அட்டையைக் காட்டிக் கேட்டாள்.

“நான்தான்.”

அவள் விரலால் கோட்டைத் தடவினாள். “ரொம்ப நல்லா இருக்கும்மா. உனக்கு இவ்ளோ தெரியும்னு எனக்குத் தெரியவே தெரியாதே.” கொஞ்சம் நிறுத்தி, “அப்ப அன்னிக்கு என் படமும் நல்லா இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்,” என்றாள். அட்டையை அவர் மடியில் சாய்த்துப் பிடித்தேன்.

அவர் விரல் கடைசிக் கட்டத்துக்குப் போயிற்று. மகள் முகம். பிறகு காற்றில் அவளையே சுட்டினார்.

“நான்தான்ப்பா,” என்றாள். கைப்பையைத் தரையில் வைத்தாள்.

விரல் மேலே ஏறியது. கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசைக்கு, இடது ஓரத்துக்கு, நேராக முதல் கட்டத்துக்கு. உள்ளங்கையால் மூடவில்லை. விரல் நுனியை அழுத்தி வைத்தார். நகம் வெளுக்கும்வரை அழுத்தினார். கண் மகள்மேல் இருந்தது.

அவள் வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து நிமிஷம்! நான் ஐந்து மாதம் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். ஐந்து மாதம் என்ன, முப்பத்தொரு வருஷம். அள்ளியது நான், அலசியது நான், அந்தச் சதுரத்தை வெட்டி ஒட்டியது நான். விட்டுவிட்டுப் போனவளுக்கு, வந்து நாற்காலியில் நுனியாக உட்கார்ந்தவளுக்கு, கேட்காமலே தூக்கிக் கொடுக்கிறார். என் வயிறு எரிந்தது. பெற்ற மகள்மேல் வயிறு எரியுமா என்று கேட்காதீர்கள், எரிந்தது.

“என்னம்மா அது? என்ன கட்டம்?” என்று மகள் கேட்டாள். எழுந்து கட்டிலருகே வந்துவிட்டாள். “ரெண்டு சதுரம் இருக்கு. என்ன சொல்றாரு?”

அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவருக்கு வாய் இல்லை.

“பெரிசு அப்பா. சின்னது நீ,” என்றேன். இதுவரை உண்மை. பிறகு, “அவரு உன்னப் பாக்காம அந்தப் பக்கம் சாஞ்சுட்டாரு, பாரு. உன்னப் போகச் சொல்றார்,” என்றேன்.

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொன்னது புரிந்துவிட்டது, காதில்தான் ஒரு குறையும் இல்லையே. தலையை ஆட்டினார், மேலும் கீழுமாக, ஆமாம் என்பது போல. இல்லை என்று ஆட்டத்தான் நினைத்திருப்பார். தலை ஏமாற்றிவிட்டது என்று அவருக்கே தெரிந்து, விரல் பறந்துபோய்க் கீழ் வரிசையில் ‘இல்லை’யைக் குத்தியது. ‘இல்லை’. மகள் முகம். முதல் கட்டம். ‘இல்லை’. மகள் முகம். அட்டை அதிரும்படி குத்தினார்.

மகள் ஒவ்வொன்றாகப் படித்தாள், வாய்விட்டு. “போ. இல்ல. நான்.” மறுபடியும் படித்தாள். “நான்... இல்ல. நான் வேண்டாமா?”

மேலே நான் ஒன்றும் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அதுவல்ல, அப்படியல்ல, உன் அம்மா பொய் சொல்கிறாள் என்று சொல்ல என் அட்டையில் கட்டம் கிடையாது. இருபத்து நான்கையும் வைத்துக்கொண்டு அவர் கதறினார், வெளியே வந்ததெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்றுதான்.

“அழறாரேம்மா,” என்றாள்.

“அது நரம்புடி. ஊட்டும்போதுகூட இப்படித்தான் அழுவார். டாக்டர்கிட்ட வேணா கேளு,” என்றேன். இதில் ஒரு சொல் பொய் கிடையாது.

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கைப்பிடி நழுவியது, இரண்டு தடவை மாட்டினாள். “இதுக்காகவாம்மா என்ன அவ்ளோ தூரத்துலேர்ந்து வரவழைச்சாரு? வாய் போயும் இந்த மனுஷனால சும்மா இருக்க முடியல, இல்ல?” என்றாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். “நீ எதுக்கு இங்க கெடந்து சாவற? எங்கூட வந்துடு.”

“நான் வந்துட்டா இவர யாரு பாத்துப்பா?”

“நீ மாறவே மாட்டம்மா,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெரு திரும்பும்வரை கண்ணைத் துடைக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள். வாய் இருந்தது எனக்கு, கூப்பிடவில்லை.

உள்ளே வந்தேன். அவர் அட்டையை மடியில் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விரல் ஓடியது. மகள், கதவு. மகள், கதவு. கூப்பிடு, கூப்பிடு.

“ஏன், நான் இங்க இல்லையா? என் மூஞ்சியும் அதுலதான் இருக்கு. பக்கத்துலதான் இருக்கு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எனக்குச் சொல்லத் தோணிச்சா உங்களுக்கு?” என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

விரல் நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக முதல் கட்டத்தைத் தொட்டார். அதிலிருந்து இறக்கி என் முகத்தைத் தொட்டார். மன்னிச்சுடு. நீ.

வந்தேவிட்டது. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா, அந்த வெட்டிய படம், வயிறு, சிரிப்பு எல்லாம் நெஞ்சுக்குள் ஏறி வந்தது. அவர் கையைப் பிடிக்கப்போனேன். அதற்குள் விரல் நகர்ந்துவிட்டது. மகள், கதவு. என்னை ஒரு பார்வை. மறுபடியும் முதல் கட்டம், என் முகம். உடனே மகள், கதவு.

எனக்குப் புரிந்தது. அது எனக்கு வந்ததல்ல, என்னைக் கொண்டு காரியம் ஆகவேண்டும் என்று வந்தது. ஒருவேளை அதில் கொஞ்சம் எனக்காகவும் இருந்திருக்கலாம். இனி அதை எப்படித் தெரிந்துகொள்வேன்? பொய் சொன்ன பிறகு வந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கெடுத்தது நான்தான். அது தெரிந்ததால் கோபம் இன்னும் அதிகமாயிற்று, குறையவில்லை. அட்டையை அவர் கையிலிருந்து இழுத்தேன். விடவில்லை. ஒரு கைக்கு அவ்வளவு பலமா என்று இருந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடுங்கினேன்.

அடுத்த நாள் புது அட்டை செய்தேன். கோடெல்லாம் அதே அளவு, சுத்தமாக வந்தது. மேல் வரிசை முதல் கட்டத்தில் சாப்பாடு. கடைசிக் கட்டத்தில் போர்வை. என் முகம் இல்லை, அவள் முகம் இல்லை, கதவு இல்லை. காலியாக ஒரு கட்டமும் விடவில்லை. பயிற்சிக்காரப் பெண் வந்து பார்த்து, “இது இன்னும் தெளிவா இருக்கும்மா, பாத்த உடனே புரியுது. மத்த வீடுகளுக்கும் இதயே குடுக்கலாம்போல,” என்று நகல் எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் இந்த அட்டையைத் தள்ளிவிடவில்லை. முதல் இரண்டு நாள் விரல் இடது மூலைக்கும் கடைசிக் கட்டத்துக்கும் மாறி மாறிப் போயிற்று. சாப்பாடு, போர்வை, சாப்பாடு, போர்வை. சாப்பாடு கொண்டு வந்தேன், போர்வை போர்த்திவிட்டேன். மூன்றாம் நாள் நிறுத்திவிட்டார். எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். இருக்கிறது. ஆனாலும் பழைய அட்டையைத் திரும்ப எடுத்துக் கொடுக்க என் கை வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு மகள் போன் செய்தாள். மாத்திரை, டாக்டர், கால் வீக்கம் என்று சுற்றிச் சுற்றிப் பேசினாள். வைக்கப்போகிற நேரத்தில், பெரிதாக ஒன்றுமில்லை என்கிற குரலில் கேட்டாள்.

“என்னப் பத்தி அப்பா வேற ஏதாவது சொன்னாராம்மா?”

போனில் பேசுவது அவருக்கும் கேட்கும். அட்டை அவர் மடியில்தான் இருந்தது. விரலைத் தூக்கினார். மேல் வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொரு கட்டமாகத் தேடிக்கொண்டு கடைசிவரை வந்தார். திரும்ப மேலே போனார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“இல்லடி, ஒண்ணும் சொல்லல,” என்றேன்.

அவர் விரல் தண்ணீரில் போய் நின்றது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டம்ளரை எடுத்து அவர் வாயில் வைத்தேன்.